உன் தம்பிக்கு நான் கொடுத்த மூன்றாவது ஸ்ட்ரைக்

உன் அம்பயர் மாஸ்க்கை மொட்டை மாடிக் கொடியில் மாட்டிக் காயப் போட்டிருக்கிறேன். நேற்றைய வியர்வை முழுக்க அதில்தான் இருக்கிறது. கம்பிகளை ஈரத்துணியால் துடைத்தேன். உள்ளே கன்னத்தில் பதிகிற பஞ்சுப் பட்டையை மட்டும் தண்ணீரில் முக்கவில்லை. மனசு வரவில்லை, அவ்வளவுதான். மூக்கருகே கொண்டுபோனால் என் வியர்வைக்கு அடியில் உன் தலையெண்ணெய் வாசம் இன்னும் இருக்கிறது. செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் போட்டு உங்கம்மா காய்ச்சுகிற எண்ணெய். "இந்த நாத்தத்த எப்படிடி பூசிட்டு வர்ற" என்று நான் வாராவாரம் கேலி செய்த அதே எண்ணெய்தான். இப்போது அதற்காக மாடிக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன்.

சாயங்காலம் இதை உங்கள் வீட்டில் கொடுத்துவிட வேண்டும். காலையில் உன் தம்பி போன் பண்ணினான். எப்போதும் போல "அக்கா" என்று ஆரம்பிக்கவில்லை. "அம்மா அந்த மாஸ்க்கக் கேக்குது. கொண்டாந்து குடுத்துருங்க" என்றான், வைத்துவிட்டான். உன் காரியம் முடிந்த அன்று உங்கம்மாவே என் கையில் திணித்த மாஸ்க் இது. "நீயே வச்சுக்க தாயி, என்னால பாக்க முடியல" என்று கொடுத்தார்கள். இப்போது திருப்பிக் கேட்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாதா? நேற்று ஃபைனலில், கடைசிப் பந்தில், உன் தம்பியை நான் அவுட் கொடுத்தேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. கேட்க மாட்டேன். உன்னிடமும் கேட்க மாட்டேன், உன் வீட்டிலும் கேட்க மாட்டேன். நேற்றிலிருந்து பார்க்கிற ஆளெல்லாம் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பதிலுக்குச் சண்டை போடலாம் என்றால் அவர்களுக்கு ஆட்டமே தெரியாது. ஆட்டம் தெரிந்து என்னோடு சரிக்குச் சரி சண்டை போட்டவள் நீ ஒருத்திதான். நீயோ சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து கேள்.

பசுமலைக் கல்லூரி மைதானத்தில் நாம் சேர்ந்து பேஸ்பால் ஆடியபோது நம் இருவருக்கும் அம்பயர் என்றாலே ஆகாது. நீ பேட்டர் முதுகுக்குப் பின்னால் குந்துகிற கேட்சர், நான் இரண்டாவது பேஸ். நீ குட்டை, நான் நெட்டை. நீ என்னை நெட்டச்சி என்பாய், நான் உன்னைக் குட்டச்சி என்பேன். எந்த அம்பயர் எந்த முடிவு சொன்னாலும் நீ எழுந்து திரும்பி, "சார், கண்ண நல்லாத் தொறந்து பாத்தீங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவாய். படிப்பு முடிந்து இருவரும் வெவ்வேறு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் ஆனோம். அப்போது ஒருநாள் நீதான் சொன்னாய். "வெளிய நின்னு எம்புட்டு நாள் வையிறது? வாடி, நாமளே உள்ள போயி நிப்போம்." கோபத்தில் எடுத்த முடிவுதான். அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நமக்கு மைதானத்தில்தான் விடிந்தது.

என்ன வேலைக்குப் போகிறோம் என்று உங்கம்மா கேட்டது ஞாபகம் இருக்கிறதா? செல்லூரில் உங்கள் வீட்டுப் பின்கட்டில், தறிச் சத்தத்துக்கு மேலே நீ கத்திக் கத்தி விளக்கினாய். "கீழ ஒரு வெள்ளப் பலக கெடக்கும்மா. அதுதான் பிளேட்டு. அதுக்கு மேல, பேட் புடிச்சவன் முட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவுல பந்து போச்சுன்னா ஸ்ட்ரைக். அங்கிட்டு இங்கிட்டு போச்சுன்னா பால். மூணு ஸ்ட்ரைக்குன்னா அவன் வெளிய. நாலு பாலுன்னா ஓசியிலயே மொத பேஸுக்கு நடந்து போயிருவான். அது எதுன்னு பின்னாடி நின்னு சொல்றவதான் நானு." உங்கம்மா தறியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இதச் சொல்றதுக்குன்னு ஒரு ஆளா?" என்றார்கள். வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது உனக்கும் எனக்கும் சீக்கிரமே தெரிந்துபோனது.

என் முதல் மேட்ச்சை நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாயே. பிளேட்டுக்குப் பின்னால் நான், பேஸ் பக்கம் நீ. ஒரு பந்து நன்றாக வெளியே போனது. சின்ன வயதிலிருந்து தெருவில் பையன்களோடு கிரிக்கெட் ஆடிய கை சும்மா இருக்குமா? இரண்டு கையையும் விரித்து ஒயிடு கொடுத்துவிட்டேன். அதே நேரம் ஒருத்தன் இரண்டாவது பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடியிருக்கிறான், நீ அவனுக்கு அவுட் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். நம் ஆட்டத்தில் இரண்டு கையை விரித்தால் 'தப்பித்தான்' என்று அர்த்தம். ஒரு அம்பயர் அவுட் என்கிறாள், இன்னொருத்தி தப்பித்தான் என்கிறாள். இரண்டு கோச்சும் உள்ளே ஓடி வந்துவிட்டார்கள். "எதுக்குடி கைய விரிச்ச?" என்று நீ ஓடி வந்து கேட்க, "ஒயிடு போனான்ல" என்று நான் சொல்ல, நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். சிரிப்பு அடங்கி எழுந்திருக்க உனக்கு ரொம்ப நேரம் ஆனது.

அதற்கப்புறம் பால் சொல்லும்போது இரண்டு கையும் என் முட்டியில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டாய். எடுத்தால் தண்ணீர் பாட்டிலால் அடி. நானும் சும்மா விட்டேனா? உனக்குக் குரல் கிடையாது. ஸ்ட்ரைக் என்று நீ சொன்னால் கேட்சருக்கே கேட்காது. உன்னை வைகைக்குள் கூட்டிப்போய், தண்ணீர் இல்லாத மணலில் அந்தக் கடைசியில் நிற்க வைத்து, இந்தக் கடைசியில் நான் நின்று, "கேக்கல, இன்னொருக்கா" என்று கத்த விட்டேன். பாலத்தில் போன ஒரு அண்ணன் பைக்கை நிறுத்திவிட்டு, "யாரும்மா அந்தப் புள்ளைய என்ன பண்றீங்க?" என்று சத்தம் போட்டார். நீ அவருக்கும் சேர்த்து ஒரு ஸ்ட்ரைக் கொடுத்தாய். அன்றைக்குத்தான் உன் தொண்டை திறந்தது.

நம்மில் யாரும் யாருக்கும் குரு இல்லை. ஒருத்தி குறையை மற்றவள் பிடித்துப் பிடித்துக் குத்தினோம். அவ்வளவுதான் நம் பயிற்சி.

என் பெரிய குறை எது என்று நீதான் கண்டுபிடித்தாய். பேட்டர் பேட்டை வீசினால் என் கண் மூடிக்கொள்ளும். ஒரு இமை நேரம்தான். எனக்கே தெரியாது. "பொய் சொல்லாதடி" என்று உன்னோடு மல்லுக்கு நின்றேன். நீ போனில் படம் பிடித்துக் காட்டினாய். ஒவ்வொரு பந்துக்கும் மூடியிருக்கிறேன். அதாவது பந்து பிளேட்டைத் தாண்டுகிற அந்த நேரத்தில் நான் குருடி. கேட்சர் கை எங்கே போய் நின்றதோ அதைப் பார்த்து ஒரு குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ சமாதானம் சொல்லவில்லை. "அழுது முடிச்சிட்டு வீட்டுக்கு வா" என்றாய்.

உங்கள் வீட்டுத் தறிக்கூடத்தில், ஓடுகிற விசைத்தறிக்கு முன்னால் என்னைப் பிளேட்டுக்குப் பின்னால் நிற்பதுபோல் குனிந்து நிற்க வைத்தாய். நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்கிறது, அடிக்கிற அடியில் தரை அதிருகிறது. "நாடாவப் பாரு. தலைய ஆட்டாத. கண்ணு மட்டும் கூடப் போகட்டும்" என்றாய். ஆரம்பத்தில் ஒவ்வொரு அடிக்கும் கண் மூடியது, தலை பொம்மை மாதிரி ஆடியது. நீ பின்னால் வந்து என் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தலையை நிறுத்தினாய். உங்கப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, ரெண்டு லூசுகளும் தறிக்குச் சாமி கும்புடுதுக" என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை தோறும் வந்து நின்றேன். எப்போது கண் மூடுவது நின்றதென்று தெரியவில்லை. ஒருநாள் நீ படம் பிடித்தாய், பார்த்தாய், போனை என் கையில் கொடுத்துவிட்டு டீ போடப் போய்விட்டாய். அதுதான் உன் பாராட்டு.

இன்னொன்றும் சொன்னாய். எனக்கு வாய் முந்தும். பந்து வந்து சேருவதற்குள் கத்திவிடுவேன். "பந்து கையுறைக்குள்ள விழட்டும். வந்த வழிய மனசுக்குள்ள இன்னொருக்கா ஓட்டிப் பாரு. ஒரு மூச்சு விடு. அப்புறம் வாயத் தொற" என்பாய். நான் எரிச்சலாகி, "அம்புட்டு நேரம் நின்னா தூங்கிட்டேன்னு நெனைப்பானுக" என்றேன். "நெனைச்சா நெனைச்சுட்டுப் போறான். உனக்கென்ன, அவனுக்குப் பிடிச்சதச் சொல்லவா நிக்கிற?" என்றாய். அந்த ஒரு மூச்சில்தான் நேற்று எல்லாம் நடந்தது. அதற்கு வருகிறேன்.

ஆண்கள் ஆட்டத்துக்கு நம்மைக் கூப்பிட ஆரம்பித்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம். போய்ப் பார்த்தால், "டீச்சர், நீங்க பேஸ் பக்கம் நில்லுங்க, பிளேட்டுக்கு சீனியர் அம்பயர் அண்ணன் இருக்காரு." ஏன் என்று கேட்டால், பந்து வேகமாக வரும், முகத்தில் பட்டால் யார் பதில் சொல்வது என்பார்கள். ஒரு லீக் ஆட்டத்தில் அந்த அண்ணன் வரவில்லை, வேறு வழியில்லாமல் உன்னை நிறுத்தினார்கள். பேட்டில் உரசிய பந்து திரும்பி நேராக உன் முகத்துக்கு வந்தது. இந்த மாஸ்க்கின் இடது கன்னத்துக் கம்பி உள்ளே வளைந்திருப்பது அதனால்தான். நாலைந்து பேர் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். நீ மாஸ்க்கைக் கழற்றினாய், குலுக்கினாய், திரும்ப மாட்டினாய். "தண்ணி வேணாம். பந்தக் குடுங்க" என்றாய். மறு பந்துக்கும் உன் கண் மூடவில்லை, நான் பேஸ் பக்கமிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஃபைனல் என்று வந்தால் பிளேட்டுக்கு அண்ணன்தான். நீ உயிரோடு இருந்தவரை ஆண்கள் ஃபைனலில் ஒரே ஒரு ஆட்டத்துக்குக்கூட உன்னை அங்கே விடவில்லை.

மழைக்காலக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். "வாரேன்டி, ஞாயித்துக்கிழமை மேட்ச்ச ஒத்தி வச்சிராத" என்று சொல்லிவிட்டுப் போனவள் வரவில்லை. உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை. யாராவது இப்படிச் செய்வார்களா? இத்தனை வருஷம் சேர்ந்து கட்டியதைப் பாதியில் போட்டுவிட்டு?

இந்த வருஷம் சங்கத்தில் உன் பெயரில் நினைவுக் கோப்பை வைத்தார்கள். மீட்டிங்குக்கு என்னையும் கூப்பிட்டார்கள். செகரட்டரி அண்ணன் ரொம்பப் பணிவாக, "அவுங்க படத்தப் பிளேட்டுக்குப் பின்னாடி வலைப் பக்கம் வச்சு மால போட்டுருவோம். டீச்சர், நீங்கதான் குத்துவிளக்கு ஏத்தணும்" என்றார். ஃபைனலுக்குப் பிளேட்டில் யார் என்று கேட்டேன். வழக்கம்போல அந்த அண்ணன் பெயரைச் சொன்னார்.

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. "உசுரோட இருந்தவளப் பிளேட்டுக்குப் பின்னாடி நிக்க விடல. இப்பப் படத்தக் கொண்டுபோயி அங்க வைக்கிறீங்களாக்கும்? விளக்கேத்த வேற ஆளப் பாருங்க. நான் பிளேட்ல நிக்கிறேன்" என்றேன். எல்லோரும் டீ கிளாஸைப் பார்த்தார்கள். செகரட்டரி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கில்ல டீச்சர். அவுங்க தம்பி செல்லூர் டீம்ல ஆடுறாப்ல. நீங்க அந்த வீட்டுல ஒருத்தி மாதிரி. நாளைக்கு எதுத்த டீமு கேள்வி கேட்டா?" என்றார். அது நியாயமான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். "அப்ப அவுங்ககிட்டயே கேளுங்க" என்றேன்.

எதிர் டீம் உசிலம்பட்டிப் பக்கம். அவர்கள் கோச் அங்கேயே இருந்தார். வயலும் வாழையும் பார்த்துக்கொண்டே டீம் நடத்துகிற மனுஷன், அதிகம் பேசமாட்டார். "டீச்சர் நிக்கட்டும்ணே. போன வருசம் ஒரு லீக் மேட்ச்ல, அந்தண்ணன் வராதன்னைக்குப் பிளேட்ல நின்னு, பேட்ட வீசாத எங்க பயலுக்கு அவுட் குடுத்தாக. எனக்கு ஆத்தாமைதான். வீட்டுல போயி வீடியோவப் பாத்தா ஸ்ட்ரைக்குதான்" என்றார். செகரட்டரி நோட்டில் அந்த அண்ணன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே விசிலடித்திருப்பாய்.

நேற்று வெயிலைக் கேட்காதே. உன் படத்துக்குப் போட்ட மாலை முதல் இன்னிங்ஸிலேயே வாடிவிட்டது. உங்கம்மா முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், தலையில் சேலை முந்தானை. செல்லூரே வந்திருந்தது. நான் உன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, கேட்சர் தோளுக்கும் பேட்டருக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில் காலை அகட்டிக் குனிந்தேன். கேட்சர் தலை உயரத்துக்கு என் தாடை வரவேண்டும் என்பாயே, அதற்கு இந்த நெட்டச்சி எவ்வளவு மடங்க வேண்டியிருக்கிறது தெரியுமா? முட்டி இன்னும் வலிக்கிறது.

கடைசி இன்னிங்ஸ். செல்லூர் ஒரே ஒரு ரன் பின்னால். மூன்று பேஸிலும் ஆள். இரண்டு பேர் அவுட். வந்தது உன் தம்பி. அவனுக்கு மூன்று பால் ஆகிவிட்டது, இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. இன்னும் ஒரு பால் என்றால் அவன் நடந்து முதல் பேஸுக்குப் போவான், மூன்றாவது பேஸில் நிற்பவன் உள்ளே வருவான், ஆட்டம் சமனாகும். ஸ்ட்ரைக் என்றால் முடிந்தது. உன் பெயர் போட்ட கோப்பை உசிலம்பட்டிக்குப் போய்விடும்.

பந்து வந்தது. வெளிப்பக்கம், தாழ்வாக. நான் நிற்கிற இடத்துக்கு ரொம்பத் தள்ளிய மூலை. என் தலை அசையவில்லை. பந்து முட்டி உயரத்தில் பிளேட்டின் வெளி ஓரத்தை உரசிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். தாண்டிய பிறகுதான் கேட்சர் கை அதைப் பிடித்தது. பிடித்த வேகத்தில் கை கீழே தாழ்ந்து, வெளியே இழுத்துக்கொண்டு போனது. பந்தை விடவில்லை, கை மட்டும்தான் போனது. ஆனால் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது அந்தக் கைதான். மைதானம் முழுக்க "பாலு!" என்று கத்தியது. உன் தம்பி பேட்டைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸைப் பார்த்து நடக்கவே ஆரம்பித்துவிட்டான்.

நான் ஒரு மூச்சு விட்டேன். வந்த வழியை மனசுக்குள் இன்னொருக்கா ஓட்டிப் பார்த்தேன். அந்த மூச்சுக்குள் எல்லாமே வந்தது, பொய் சொல்லவில்லை. உங்கம்மா முகம் வந்தது. உன் படம் எனக்கு நேர் பின்னால் இருக்கிறது என்பதும் வந்தது. பழைய நெட்டச்சியாக இருந்திருந்தால் கண் மூடியிருப்பேன், கேட்சர் கையைப் பார்த்துப் பால் என்று சொல்லியிருப்பேன், ஊர் கை தட்டியிருக்கும். நான் பார்த்துவிட்டேனே, என்ன செய்ய?

"ஸ்ட்ரைக்!" என்றேன். வைகை மணலில் உன்னைக் கத்த விட்ட அதே தொண்டையில்.

உன் தம்பி திரும்பி நின்றான். முகம் செத்துப்போயிருந்தது. "அக்கா, எங்கக்கா பேருல நடக்குற மேட்ச்சுக்கா இது" என்றான். கத்தவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அம்பயர் விளக்கம் சொல்லக்கூடாது. "பேட்ட எடுத்துட்டுப் போப்பா" என்றேன். கூட்டத்திலிருந்து வந்ததெல்லாம் உனக்கு எழுத மாட்டேன். ஒருத்தன் தண்ணீர் பாக்கெட்டை எறிந்தான். "கூட்டாளி செத்ததும் அவ குடும்பத்தையே கவுத்துட்டாய்யா" என்று இன்னொருத்தன். செகரட்டரி அண்ணன் என் காதோரம் வந்து, "ஒரு பால் குடுத்திருந்தா என்ன டீச்சர் கொறஞ்சு போயிரும்? அவுங்க வீட்டுக்குக் கப்பு போனாலும் போயிருக்கும்ல" என்றார். அடுத்த வாரம் லீக் ஆட்டத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். நான் மாஸ்க்கைக் கழற்றாமலே, "அடுத்த வாரமும் வருவேன். வேற ஆள் வந்தா அவர் பக்கத்துலயே நானும் குனிஞ்சு நிப்பேன்" என்றேன். உங்கம்மா என்னைப் பார்க்காமலே எழுந்து போய்விட்டார்கள்.

பஞ்சுப் பட்டை காய்ந்துவிட்டது. கிளம்புகிறேன். பாக்கியை வந்து எழுதுகிறேன்.

செல்லூர் போய் வந்துவிட்டேன். விளக்கு வைத்தாயிற்று. டீ போட்டு, குடிக்காமல் ஆறவிட்டு, எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமையிலும் உங்கள் வீட்டில் ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ அவசர ஆர்டராம். உன் தம்பி வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்துத் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான். நேராகப் பின்கட்டுக்குப் போனேன். உங்கம்மா தறிக்குப் பக்கத்தில் நின்றார்கள். மாஸ்க்கை நீட்டினேன். வாங்கவில்லை.

"எம் மகளா இருந்தா பால்னு சொல்லிருப்பா" என்றார்கள்.

வரும் வழியெல்லாம், எது சொன்னாலும் பேசாமல் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். முடியவில்லை. "சொல்லிருக்க மாட்டா" என்றேன்.

"நீ பெத்தியா, நான் பெத்தேனா?"

"நீங்கதாம்மா பெத்தீங்க. ஆனா பிளேட்டுக்குப் பின்னாடி அவ கண்ணு எப்படி இருக்கும்னு பாத்தவ நான். அவ தம்பியா இருந்தாலும், நானா இருந்தாலும், நீங்களே பேட் புடிச்சு நின்னாலும் அவ சொல்லிருக்க மாட்டா. அப்படிச் சொல்ற புள்ளயவா நீங்க வளத்தீங்க?"

பெற்ற தாயிடம் போய் நின்று இப்படிப் பேச எனக்கு என்ன உரிமை? இருந்தாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. உங்கம்மா சேலையில் கையைத் துடைத்தார்கள். அப்புறம் என் கையிலிருந்து மாஸ்க்கை வாங்கினார்கள். வாங்கி, அந்த வளைந்த கம்பியைக் கட்டைவிரலால் தடவினார்கள். தூக்கி மூலையில் போடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்கள் அதைத் திருப்பி, உள்பக்கத்தை முகத்தோடு வைத்து அழுத்திக்கொண்டு மூச்சை இழுத்தார்கள்.

"கழுவிருப்பியோன்னு பயந்தேன்" என்றார்கள், முகத்தை எடுக்காமலே. "காச்சுன எண்ணெ பாட்டில்ல அப்படியே இருக்கு. ஆனா அவ தலையில பட்ட வாசம் வேற. தலகாணி, துணிமணி எல்லாத்துலயும் போயிருச்சு. நேத்து நீ இத மாட்டிக்கிட்டு நிக்கிறதப் பாத்ததும் ஞாபகம் வந்துச்சு, இதுல இருக்கும்னு."

அடிப்பாவி. காலையிலிருந்து நான் என்னென்ன நினைத்துக்கொண்டிருந்தேன். தண்டனை என்று நினைத்தேன், ஆட்டத்தின் கோபம் என்று நினைத்தேன். அந்த அம்மா கேட்டது உன் வாசத்தை. நான் அங்கேயே, தறிக்கூடத்துத் தரையில் உட்கார்ந்து அழுதேன். உங்கம்மாவும் உட்கார்ந்தார்கள். நீ போன அன்றைக்குக்கூட நாங்கள் இப்படிச் சேர்ந்து அழவில்லை.

ஆனால் ஒன்று, அந்தப் பந்தைப் பற்றி அவர்கள் மனது மாறவில்லை. அழுது முடித்ததும், "இருந்தாலும் நீ பால்னு சொல்லிருக்கலாம்" என்றார்கள். "பந்து உள்ளதாம்மா வந்துச்சு" என்றேன். "போ, போ" என்று சொல்லிவிட்டு, மாஸ்க்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அது இனி அங்கேதான் இருக்கும். அதுதான் சரி. எனக்கு வேறு மாஸ்க் வாங்கிக்கொள்கிறேன்.

நான் கிளம்பாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து, அது முன்னால் காலை அகட்டி, கையை முட்டியில் வைத்துக் குனிந்தேன். உன் தம்பி எப்போது வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றானோ தெரியாது. "என்னக்கா பண்றீங்க?" என்றான். அக்கா என்றுதான் சொன்னான். "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குப் பழகுறேன். நீயும் போயி வெளிமூலைப் பந்த அடிக்கப் பழகு, அங்கதான் போடுவாங்க" என்றேன். ம்க்கும் என்று ஒரு சத்தம் கொடுத்தான். ஆனால் போகவில்லை, நின்றான்.

அடி விழுந்தது, தரை அதிர்ந்தது, நாடா அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது. என் காதைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை, குட்டச்சி. தலை ஆடவே இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றதே தவிர, மூடவில்லை.